பழைய பெரிய வீட்டில் மின் இணைப்பையும் பீஸ் போர்டையும் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் வயரிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். பெரும்பாலும் பழைய வீடுகள்தான்: கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று முகப்பும் (முன்பகுதி) வளவும் (நடு முற்றமும் சுற்று அறைகளும்) இரண்டாங்கட்டும் (அதற்குப் பின்னால் உள்ள பகுதி) உள்ள வீடுகள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து போனில் கேட்பார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். செட்டிநாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியது என்றாலும், கும்பகோணத்து அக்ரகார வீட்டுக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கள் வீட்டுப் பீங்கான் பீஸ் கட்டைகள் இன்றும் வேலை செய்கின்றன. எதற்கு மாற்ற வேண்டும்?

பீங்கான் கட்டை ஒன்றும் மோசமான சாமான் இல்லை. சரியான கனத்தில் ஈயம் பூசிய செம்புக் கம்பி கட்டியிருந்தால் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் நான் பிடுங்கிப் பார்த்த கட்டைகளில் சரியான பீஸ் கம்பி இருந்தது மிகக் குறைவு. ராத்திரி பத்து மணிக்குப் பீஸ் போகும், கம்பி கையில் இருக்காது, பழைய வயரிலிருந்து நாலு இழையை உருவி முறுக்கிக் கட்டுவார்கள். மறுநாள் அதை யாரும் மாற்றுவதில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டையில் இருப்பது பீஸ் அல்ல, வெறும் கம்பி. லோடு கூடினால் பீஸ் உருகாது, சுவரில் போகிற வயர்தான் உருகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய போர்டுகளில் ஃபேஸுக்கு (கரண்ட் வருகிற கம்பி) ஒரு கட்டை, நியூட்ரலுக்கு (திரும்பிப் போகிற கம்பி) ஒரு கட்டை என்று இரண்டிலும் பீஸ் இருக்கும். அந்தக் காலத்து வழக்கம் அது. நியூட்ரல் பக்கத்து பீஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பீர்கள், அங்கே ஃபேஸ் உயிரோடு இருக்கும். இப்போதைய விதிகளில் நியூட்ரலில் பீஸ் கூடாது. இந்த ஒன்றுக்காகவே பழைய போர்டை எடுத்துவிடலாம்.

இரும்புப் பெட்டி போட்ட பழைய மெயின் சுவிட்சுகள் சிலவற்றில் பீஸ் கட்டைக்குப் பின்னால் வெள்ளையாகப் பஞ்சு போன்ற அட்டை இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். பெட்டியோடு அப்படியே கழற்றிவிட வேண்டியதுதான்.

புதிய டிபி பாக்ஸ் (லைன் லைனாகக் கரண்டைப் பிரித்து விடுகிற பெட்டி) மட்டும் மாட்டினால் போதாதா?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. போதாது. பளபளவென்று எட்டு வழிப் பெட்டி மாட்டி, அதற்குள் பழைய ரப்பர் வயரையே கொண்டு வந்து முறுக்குவது, ஓட்டை வாளிக்குப் புது மூடி போடுவது மாதிரி. பெட்டி கடைசியில்தான் வரும். முதலில் எர்த், அப்புறம் மெயின் கேபிள், அப்புறம் உள் வயரிங், எல்லாம் ஆன பிறகு பெட்டி. வாங்குபவருக்குக் கண்ணில் படுவது பெட்டி, அதனால் காசும் அதிலேயே போய்விடுகிறது.

வயர் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரில் அடித்த மரப்பட்டையில் (மெல்லிய மரச் சட்டம்) தகர கிளிப் அடித்து ஓடுகிற வயர் என்றால் பெரும்பாலும் ரப்பர் உறை போட்டது. மரக் கேசிங்குக்குள் துணி சுற்றிய வயர் இருந்தால் அது இன்னும் பழசு. போர்டைத் திறந்து முனையை லேசாக வளைத்துப் பாருங்கள் (மெயினை அணைத்த பிறகு, அதுவும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு). உறை முறுக்கு மாதிரிப் பொடிந்து விழுந்தால் முடிந்தது, பேச்சே இல்லை. ரப்பர் சூட்டிலும் காற்றிலும் வறண்டு போகும். அசையாமல் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. புதுப் பெட்டிக்கு இழுக்கும்போதுதான் உதிரும்.

கண்ணால் பார்த்துத் தெரியாததற்கு மெக்கர் இருக்கிறது, வயர் உறை கரண்டைக் கசிய விடாமல் தடுக்கிறதா என்று அளக்கிற கருவி. 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டை நம்பக் கூடாது. நல்ல புதிய வயரிங் இதைவிடப் பல மடங்கு காட்டும். மெக்கர் கொண்டு வராமல் "எல்லாம் ஓகே சார்" என்று சொல்கிற எலக்ட்ரீஷியனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழைய ஆட்கள் 3/22, 7/20 என்று சொல்வார்களே, அது கம்பி எண்ணிக்கையும் கேஜ் கணக்கும். 3/22 என்றால் 22 கேஜ் கம்பி மூன்று இழை, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர். 7/20 என்பது 4.6 சதுர மில்லிமீட்டருக்கு அருகில் வரும். உங்கள் வீட்டில் விளக்குக்குப் போட்ட 3/22 வயரில் இன்று கீசர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஓடுகிறது.

மூன்று ஃபேஸ் கட்டாயம் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தானாக வரும். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 1.6 கிலோவாட். நாலு ஏசி என்றால் 6.4. இரண்டு கிலோவாட் கீசர் மூன்று, 6. இண்டக்‌ஷன் அடுப்பு 2. கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் இழுப்பது ஒரு கிலோவாட் என்று வையுங்கள். இருபது மின்விசிறி, அறுபது எல்இடி விளக்கு, இரண்டு ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், மிக்ஸி எல்லாம் சேர்ந்து இன்னொரு 4. ஆக மொத்தம் 19 கிலோவாட்டைத் தாண்டுகிறது.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. பாதிக்குச் சற்று மேல், 11 அல்லது 12 கிலோவாட் என்று வைத்தால் போதும். அதையே ஒற்றை ஃபேஸில் எடுத்தால் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மூன்றாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 17 ஆம்பியர்தான். தமிழ்நாட்டில் நெடுநாளாக 4 கிலோவாட் வரைக்குத்தான் சிங்கிள் ஃபேஸ் என்று வழக்கம். இரண்டு ஏசி போடுகிற வீடு என்றாலே மூன்று ஃபேஸ் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

இதில் ஒரு வேலை எலக்ட்ரீஷியனுடையது: மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரிப்பது. மாடி ஏசி எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் போட்டுவிட்டு "த்ரீ ஃபேஸ் ஆயிடுச்சு" என்பார்கள். ஆனது மீட்டர் மட்டும்தான்.

மூன்று ஃபேஸ் எடுத்தால் கரண்ட் பில் கூடுமா?

ஓட்டுகிற சாமான் அதேதான் என்றால் யூனிட்டும் அதேதான். இணைப்பை மாற்றும்போது கட்டணங்களும் கூடுதல் வைப்புத் தொகையும் ஒரு முறை கட்ட வேண்டியிருக்கும்.

சர்வீஸ் இன்னும் ஐயா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி முப்பது வருடம் ஆகிறது. லோடு கூட்ட முடியுமா?

முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். பங்காளிகள் ஆறு பேர் ஆறு ஊரில் இருப்பார்கள், ஒருவர் கையெழுத்துக்கு நாலு மாதம் ஆகும். வயரிங் வேலையை விட இதுதான் இழுக்கும். ஆகவே கையெழுத்து வேலையை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். எல்லோரும் ஊரில் கூடுகிற படைப்பு, கல்யாணம் போன்ற நாள்தான் இதற்கு நல்ல நாள்.

விண்ணப்பத்தை இப்போது ஆன்லைனில் கொடுக்கலாம். மின்வாரியம் 2010இல் டான்ஜெட்கோ ஆனது. 2024இல் அதுவும் பிரிக்கப்பட்டு, விநியோகத்தைப் பார்ப்பது இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் ஈபிதான்.

ஒரே வீட்டில் நாலு மீட்டர் இருக்கிறது. ஒன்றாக்குவதா, அப்படியே விடுவதா?

பங்காளிகள் தனித்தனியாகப் புழங்குகிற வீடு என்றால் மீட்டரும் தனித்தனியாக இருப்பது நியாயம். நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. காலப்போக்கில் ஒரு மீட்டரின் ஃபேஸையும் இன்னொரு மீட்டரின் நியூட்ரலையும் கலந்து வைத்திருப்பார்கள். வளவில் எரிகிற விளக்கு பெரியப்பா மீட்டர், அதன் நியூட்ரல் சித்தப்பா மீட்டர் என்று இருக்கும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டுகிற சுவிட்ச்) போட்ட அன்றைக்கு அது ஒரு நொடி கூட நிற்காது. நாலு இணைப்பையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த வயர் யாருடையது என்று வரைபடம் போட்ட பிறகே பெட்டியைத் தொட வேண்டும்.

மீட்டர் வரைக்கும் உள்ள வயர், மீட்டருக்கு முன் உள்ள கட் அவுட், சீல் எல்லாம் ஈபியுடையவை. நானும் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீர்கள்.

எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காதுதானே?

அடிக்கும். இந்த நம்பிக்கையால் உயிர் போன வீடுகள் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்சிபி என்பது பீஸுக்குப் பதிலாக வருகிற, லோடு கூடினால் தானே விழுகிற சுவிட்ச். அது காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபி என்றால் 6,000 மில்லி ஆம்பியர் வரை அது அசையாது. மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடி பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அதாவது வீட்டில் வழக்கமாகப் போடுகிற மிகச் சின்ன எம்சிபி கூடப் பார்க்கிற அளவு, உங்களுக்கு ஆபத்தான அளவைப் போல 200 மடங்கு.

"எர்த் இருக்கிறதே, எர்த்துக்குப் போனால் எம்சிபி விழாதா?" என்பார்கள். நம் ஊரில் வீட்டு எர்த் நாமே தோண்டிப் போட்ட குழி. அதன் தடை 10 ஓம் என்று வையுங்கள், பல பழைய வீடுகளில் அதற்கும் மேல். கீசர் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 23 ஆம்பியர் பாயும். 32 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்று நினைத்து நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கும். 16 ஆம்பியர் எம்சிபி கூட உடனே விழாது, சில சமயம் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை கீசரும், அதோடு சேர்ந்த இரும்புக் குழாயும் ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்குத்தான் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்பது மத்திய அரசின் மின் பாதுகாப்பு விதிகளிலும் இருக்கிறது. கடைக்காரர் 100 அல்லது 300 கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அது தீ விபத்துக்கானது, ஆளைக் காப்பாற்றாது.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்குத் தெரியாது. ஓவர்லோடும் தெரியாது, அதற்கு எம்சிபி வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பெட்டி.

எர்த் ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடின காலத்தில் அது ஒப்பேறியது. பிறகு யாரோ பிளம்பர் வந்து பாதி தூரத்துக்குப் பிளாஸ்டிக் பைப் போட்டிருப்பார், அன்றோடு எர்த் போச்சு. குளியலறையில் குழாயைத் திருகினால் சுருக்கென்று அடிக்கிறது என்று சொல்கிற வீடுகளில் பாதி இந்தக் கதைதான்.

புதிதாகப் போடுங்கள். இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், மூடி வைத்த சின்னத் தொட்டி. மூன்று ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு குழி, இரண்டுக்கும் நடுவே ஐந்து மீட்டராவது இடைவெளி. எங்கள் பக்கம் செம்புறாங்கல் மண், கோடையில் எலும்பு மாதிரிக் காய்ந்துவிடும். அதனால் கிணற்றடியிலோ குளியலறைத் தண்ணீர் போகிற பக்கத்திலோ குழி எடுப்பேன். அளப்பதாக இருந்தால் சித்திரையில் அளக்க வேண்டும். கார்த்திகை மழையில் அளந்தால் எந்தக் குழியும் நல்ல குழிதான்.

ஆர்சிசிபி மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த) கூரையில் சுண்ணாம்பு ஈரம் இறங்கும், மூங்கில் தட்டிக்கு மேல் அணில் வயரைக் கடித்திருக்கும், வெளி விளக்கின் ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். பெரிய வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று போட்டால், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஃபிரிட்ஜிலிருந்தும் வருகிற சின்னச் சின்னக் கசிவெல்லாம் கூடி அந்த அளவைத் தொட்டுவிடும். அதனால் கட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, வெளி விளக்குக்கும் மோட்டாருக்கும் தனியாக ஒன்று என்று பிரிக்கிறேன். வெளி விளக்கு நனைந்தால் அது மட்டும் விழும், சமையல்கட்டு இருட்டாகாது.

அதில் டி என்று போட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழவில்லை என்றால் ஆர்சிசிபி செத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

எந்த இடத்துக்கு எந்த வயர்?

விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர், 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி. பவர் பிளக்குக்கு 2.5, எம்சிபி 16. ஏசிக்கும் கீசருக்கும் 4, தனித்தனி லைன், தனித்தனி எம்சிபி. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள செம்பு வயர். பச்சை எர்த் வயரை எல்லாப் பிளக்குக்கும் இழுக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்தான்.

இந்த வீடுகளின் தனிச் சிக்கல் நீளம். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முகப்புப் பெட்டியிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கிற அடுப்படிக்கு 2.5 வயர் இழுத்தால், போய் வருகிற தூரம் 120 மீட்டர், தடை 0.9 ஓம். 16 ஆம்பியர் ஓடினால் 14 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே லோ வோல்டேஜ் உள்ள ஊரில் இது தாங்காது. அதனால் முகப்பில் மெயின் பெட்டி, அங்கிருந்து 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் இரண்டாங்கட்டுக்குப் போய் அங்கே ஒரு சப் பெட்டி, மாடிக்கு இன்னொன்று. எம்சிபி மாற்ற வேண்டும் என்றால் டார்ச்சோடு அரை ஃபர்லாங் நடக்கவும் வேண்டாம்.

முட்டைப்பூச்சுச் சுவரை (முட்டை வெள்ளை சேர்த்துச் சுண்ணாம்பு பூசியது) உடைக்காமல் செய்ய முடியுமா?

முடியும், உடைக்கவே கூடாது. அந்தப் பூச்சை இன்று அதே மாதிரிப் பூசித் தருகிற கொத்தனார்கள் கொஞ்சம் பேர்தான். கட்டர் வைத்து ஒரு கோடு இழுத்தால், பிறகு சிமென்ட் வைத்து அடைப்பார்கள், சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஒட்டாது, ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கோடு ஈரமாகத் தெரியும்.

பழைய மரப்பட்டை போன பாதையிலேயே போங்கள். தேக்குப் பட்டை நல்ல நிலையில் இருந்தால் அதன் மேலேயே புது வயர் ஓட்டலாம், பார்க்கவும் வீட்டோடு பொருந்தும். இல்லையென்றால் உத்தரத்தின் மேல் விளிம்பில், கீழே நின்றால் கண்ணில் படாத பக்கத்தில் பைப்பைக் கொண்டு போகலாம். கதவு நிலைக்குப் பக்கத்தில் நேராக இறக்கலாம். தேக்குத் தூணில் மட்டும் ஆணி அடிக்க விடாதீர்கள். அதற்கு நான் வீட்டுக்காரரை விடக் கடுமையாகச் சண்டை போடுவேன்.

புதுப் பெட்டியில் நான் கண்காணிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது?

நியூட்ரல் இறுக்கம்.

மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் கரண்ட் நிற்காது. ஒரு ஃபேஸில் இருக்கிற சாமானும் அடுத்த ஃபேஸில் இருக்கிற சாமானும் வரிசையாகச் சேர்ந்து 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைந்த பக்கத்துக்கு அதிக வோல்ட். எங்கள் சொந்த வீட்டிலேயே இது நடந்தது. அப்போது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன், பெட்டியை வேறொருவர் மாட்டினார். பழைய அலுமினிய கேபிளையும் செம்பு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கி ஸ்க்ரூ போட்டிருக்கிறார். ஏழாவது மாதம் அந்த மூட்டு கருகியது. ஒரு சாயங்காலத்தில் டிவி, ஃபிரிட்ஜ், அம்மாவின் நெபுலைசர், ஏழு எல்இடி விளக்கு. "பளிச்சுனு எரிஞ்சுதுடா, அப்பறம் அணைஞ்சு போச்சு" என்றாள் அம்மா. அந்தப் பளிச்தான் அடையாளம். விளக்கு வழக்கத்தை விடப் பளிச்சென்று எரிந்தால் ஓடிப்போய் மெயினை அணையுங்கள்.

செம்பும் அலுமினியமும் சேருகிற இடத்தில் அதற்கென்று உள்ள பைமெட்டல் லக் (இரண்டு உலோகத்தையும் சேர்க்கிற இணைப்பு முனை) போட வேண்டும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள், முதல் சூட்டில் கொஞ்சம் தளரும். கூடுதலாக, வோல்ட் ஏறினால் வெட்டுகிற பாதுகாப்புக் கருவி ஒன்றை மெயினில் போட்டால் நிம்மதி.

இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. என்ன கவனிக்க வேண்டும்?

மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருக்கும். அதனால் பெட்டியின் மேலேயே "இன்வெர்ட்டரையும் அணைக்கவும்" என்று தமிழில் எழுதி ஒட்டுகிறேன். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைத் தனியாக இழுக்க வேண்டும். மற்ற நியூட்ரலோடு கலந்தால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும்.

ஜெனரேட்டருக்கு நாலு முனை சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கிற சுவிட்ச். பிளக்கில் வயரைச் செருகி வீட்டுக்குள் கரண்ட் ஏற்றுகிற வித்தை சிலருக்குத் தெரியும். போஸ்ட்டில் ஏறி நிற்கிற லைன்மேனைக் கொல்கிற வித்தை அது.

வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கு இருநூறு பேர் வருவார்கள். எதற்குத் திட்டமிடுவது?

குடும்பம் பொங்கலுக்கு வந்து தங்குகிற அளவுக்குத் திட்டமிடுங்கள். கல்யாண லோடுக்கு வீட்டு வயரிங்கைப் பெரிதாக்குவது வீண். முகப்பில் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில், பந்தல்காரருக்கென்று தனி எம்சிபியும் தனி ஆர்சிசிபியும் போட்ட ஒரு வெளிப் பிளக் பாக்ஸ் வையுங்கள். சீரியல் செட்காரர் கம்பியை உரித்து உங்கள் பீஸ் கட்டையில் சொருகுவது அதோடு நின்றுவிடும். சமையல் மாஸ்டரின் கிரைண்டருக்கும் மண்டப அளவு விளக்குக்கும் ஜெனரேட்டர் வண்டி.

எல்லாம் மாற்றிய பிறகும் லோ வோல்டேஜ் இருக்குமா?

இருக்கலாம். மீட்டரிலேயே 180 வோல்ட்தான் வருகிறது என்றால் குறை தெருவில், அல்லது டிரான்ஸ்பார்மரில். சாயங்காலம் ஏழு மணிக்கு மீட்டரை அடுத்த மெயின் சுவிட்சிலும் பின்கட்டுப் பிளக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் குறைவாக இருந்தால் ஈபிக்கு எழுதுங்கள். பின்கட்டில் மட்டும் குறைந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.

எவ்வளவு செலவாகும், எத்தனை நாள்?

ரூபாய்க் கணக்கை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், செம்பு விலை அப்படி ஆடுகிறது. பெரிய பங்கு வயருக்கும் கூலிக்கும்தான், பெட்டிக்கும் சுவிட்சுக்கும் அல்ல. காசு குறைவாக இருந்தால் இந்த ஆண்டு எர்த், மெயின் கேபிள், ஆர்சிசிபியோடு பெட்டி, அடுப்படி, குளியலறை. வளவு அறைகளை அடுத்த ஆண்டு பார்க்கலாம். மெக்கரில் தேறாத சர்க்யூட்டை மட்டும் அதுவரை கழற்றிப் போட்டுவிடுங்கள்.

நாலு பேர் வேலை செய்தால் இரண்டு கட்டு வீட்டுக்கு மூன்று வாரம் ஆகும். சுவரை உடைக்காமல் செய்வதால் மெதுவாகத்தான் போகும்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

லைசென்ஸைக் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுப்பது: வயர்மேனுக்கு பி, சூப்பர்வைசருக்கு சி. லோடு கூட்ட ஈபிக்குக் கொடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டில் உரிமம் உள்ள காண்ட்ராக்டர் கையெழுத்து வேண்டும். வேலையை ஒருவர் செய்து, கையெழுத்தை இன்னொருவரிடம் காசு கொடுத்து வாங்குவது ஊர் அறிந்த ரகசியம். கையெழுத்துப் போடுகிறவர் ஒரு நாளாவது உங்கள் வீட்டுக்கு வந்து மெக்கரைப் பிடித்தாரா என்று பாருங்கள்.

சோலார், எலெக்ட்ரிக் கார் எல்லாம் பின்னால் வரும். இப்போதே இடம் விடவா?

விடுங்கள். பெட்டியில் மூன்று நான்கு வழி காலியாக இருக்கட்டும். கார் சார்ஜர் 7 கிலோவாட் வகை என்றால் ஒரு ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும், கார் நிற்கிற இடத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயருக்கான பைப்பை இப்போதே புதைத்துவிடலாம். சோலாருக்கு மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நாட்டு ஓட்டுக் கூரையில் பேனலை ஏற்றாதீர்கள், தளம் போட்ட பின்கட்டு மாடி போதும்.

கழற்றிய பழைய சுவிட்சுகளை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, வட்டக் கறுப்பு சுவிட்சையும் பீங்கான் கட்டையையும் வாங்குகிறவர்கள் உண்டு. சிலர் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுவரிலேயே விட்டுவைக்கிறார்கள். அதுவும் அழகுதான், ஆனால் உள்ளே வயர் முனை ஒன்று கூட இருக்கக் கூடாது.

வேலை முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது எதை அணைப்பது?

பெட்டியில் கேமராவுக்கும் முகப்பு விளக்குக்கும் தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் இறக்குங்கள். இன்வெர்ட்டரையும் அணையுங்கள். சாவி வைத்திருக்கிற அண்ணனிடம் எந்தச் சுவிட்ச் எது என்று ஒரு முறை நின்று காட்டிக் கொடுங்கள். பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒவ்வொரு எம்சிபிக்கும் எதிரே "பெரிய அறை ஏசி", "கிணற்று மோட்டார்", "சாமி அறை" என்று எழுதிய தாள் இருக்க வேண்டும். அதை எழுதி ஒட்டிய பிறகுதான் நான் மிச்சப் பணத்தைக் கேட்பது வழக்கம்.